சக்கரத்துக்கு முன்னால் குனிபவள்

உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மங்களம் சிரித்தாள். "என்னைப் பத்தி எழுத இன்னா கீது ஜூலி? பூ கட்றேன், பழம் வைக்கிறேன், துன்றேன், தூங்கறேன்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் குடும்பத்தைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் எழுதியிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, நான்கே வரியில். நான்கும் பொய். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்; ஆனால் முப்பது வருஷமாக அந்தக் கோயில் வாசலில் நடப்பதெல்லாம் என் கண்ணெதிரேதான் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் யார் புது வண்டி வாங்கினாலும் பூஜைக்கு அங்கேதான் கொண்டுவருவார்கள். ஸ்கூட்டர், ஆட்டோ, கம்பெனி கேப், தண்ணீர் லாரி, எல்லாம்.

பூசாரி கற்பூரம் காட்டுவார், பூசணிக்காய் உடைப்பார். கடைசியில் எல்லாச் சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை இரண்டடி முன்னால் எடுத்து அவற்றை நசுக்க வேண்டும். திருஷ்டி அதோடு போய்விடுமாம். பழம் வைப்பது பூசாரியின் வேலை இல்லை. வாசலில் பூக்கடை போட்டிருக்கும் மங்களமும் அவள் தங்கை தாரணியும் செய்கிற வேலை. வலது பக்கம் அக்கா, இடது பக்கம் தங்கை. இரண்டு பேரும் ஒதுங்கி நின்ற பிறகு மங்களம் கையைத் தூக்கி "ரைட்" என்பாள். அதன் பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

இந்த வேலைக்கு மங்களம் ஆசைப்பட்டு வரவில்லை. இருபத்தைந்து வயதில் புருஷன் விட்டுவிட்டுப் போனான். மறுவாரமே கோயில் வாசலில் ஒரு பலகையைப் போட்டுப் பூக்கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். தாரணி பத்து வயது இளையவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடியதும் அக்காவோடு சேர்ந்துகொண்டாள். காரின் பெயரெல்லாம் மங்களத்துக்குத் தெரியாது. பழம் வைக்கும்போது கை முழங்கை வரை உள்ளே போகிற வண்டி, மணிக்கட்டு மட்டும் போகிற வண்டி, இப்படித்தான் அவளுக்குக் கணக்கு.

அந்த இரண்டடியை யார் ஓட்டுவது என்பதில்தான் நம் ஜனங்களின் புத்தி புல் மேயப் போய்விடும். ராசியான கை வேண்டுமாம். வண்டி வாங்கியவனுக்கு லைசென்ஸ் இருக்கும், இருபது வருஷம் ஓட்டின பழக்கம் இருக்கும். அவன் இறங்கி நின்றுகொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை சீட்டில் ஏற்றி உட்காரவைப்பான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டிப்பார்த்துக்கொண்டு ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ரெண்டடிதானே மேடம்" என்பார்கள். அந்த இரண்டடிக்குள்தான் இரண்டு பெண்கள் குனிந்து கிடக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்காது.

சீனு எங்கள் தெருப் பையன். மங்களமும் நானும் அவனை டவுசர் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறோம். இப்போது கிரானைட் ஏற்றுமதி செய்கிறான், ஊருக்கு வெளியே பெரிய பங்களாவில் இருக்கிறான். வாங்குகிற ஒவ்வொரு காரையும் இங்கே கொண்டுவந்துதான் பூஜை போடுவான். போன வருஷம் மகன் ரித்விக்கின் பதினேழாவது பிறந்தநாளுக்கு ஒரு சிவப்புக் கார் வாங்கினான். இரண்டே சீட். தரையோடு தரையாகக் கிடந்தது. ஐந்நூறு குதிரைசக்தி என்று ஊர் கேட்கச் சொன்னான்.

"பையனுக்கு லைசென்ஸ்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் ஜூலிக்கா. இப்போ எங்க லேஅவுட் கேட்டுக்குள்ளதான் ஓட்டுவான்."

கேட்டுக்குள் ஓட்ட ஐந்நூறு குதிரை எதற்கு? மாவு மில் வைக்கப்போகிறானா? இதை நான் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. யாரோ ஆதார் கார்டைக் காப்பி எடுக்க வந்தார்கள், கடைக்குள் போய்விட்டேன். என் மேல் எனக்கிருக்கிற கோபமும் இதில் சேர்த்தி.

ரித்விக் சீட்டில் உட்கார்ந்தான். மங்களம் தன் பக்கத்துப் பழங்களை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இடது முன்சக்கரத்தில் தாரணிக்குக் கை நுழையவில்லை. வண்டி அவ்வளவு தாழ்வு. முழங்காலிட்டு உட்கார்ந்து, உருண்டுபோன பழத்தை மறுபடி தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பையன் ஒருவன், "சவுண்டு குடு மச்சா" என்றான். ரித்விக் ஆக்ஸிலேட்டரை அழுத்திச் சவுண்டு கொடுத்தான். வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்று நினைத்தானாம். இல்லை. கோயில் சுவரில் இடித்துத்தான் கார் நின்றது. நடுவில் தாரணியின் வலது கால் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை சீனு கட்டினான், அதை நான் மறைக்கவில்லை. பையனும் அன்றைக்கு நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்து அழுதான், அதையும் பார்த்தேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை, காலுக்கடியில் அவ்வளவு பெரிய பலம் இருந்தால் அழுத்திப் பார்க்கத்தான் செய்வான். அந்தப் பலத்தைத் தூக்கி அவன் காலடியில் வைத்தவனைத்தான் கேட்க வேண்டும்.

புகாரை என் கடையில் நானே டைப் செய்து கொடுத்தேன். ஸ்டேஷனில் அதை ஓரமாக வைத்துவிட்டு அவர்களாக நான்கு வரி எழுதினார்கள். வண்டியில் இருந்தது தகப்பன். அவர் மெதுவாகத்தான் எடுத்தார். பெண் கவனமில்லாமல் குறுக்கே வந்தாள். சமாதானமாகப் போகச் சம்மதித்தார்கள். "சும்னே யாக்கம்மா?" என்று ஏட்டு கன்னடத்தில் என்னைக் கேட்டார். வீணாக எதற்கம்மா என்கிறார். தெருவில் அறுபது பேர் பார்த்தார்கள். சாட்சிக்கு வரச் சொன்னால் அறுபது பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

இதைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது பிறகு வந்தது. தாரணியை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் சீனு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, தாரணியால எங்க பையனோட பெரிய கண்டம் கழிஞ்சுது. ஜோசியர் சொல்லிட்டாரு. ரத்தம் பார்த்தாச்சு, இனிமே அந்த வண்டியால அவனுக்கு ஒண்ணும் ஆகாதாம்."

நக்கலாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொன்னான். கண் கலங்கியிருந்தது. கட்டிலில் படுத்திருந்த தாரணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மங்களம் அந்த பாக்ஸை எடுத்து அவன் கையிலேயே திரும்ப வைத்து, கதவைத் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு மங்களம் ஒரு சட்டம் போட்டாள். சீட்டில் உட்காருகிறவர் லைசென்ஸைக் காட்டினால்தான் பழம். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அட்டையை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வருவாள், நான் பெயரையும் பிறந்த தேதியையும் படித்துச் சொல்வேன். சிலர் சிரித்தார்கள். சிலர் "நீ இன்னா ஆர்டிஓவா?" என்று கத்தினார்கள். சிலர் வேறு கோயிலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் மசியவில்லை.

நான்கு மாதம் கழித்துக் கோயில் கமிட்டித் தலைவர் அவள் பலகை முன்னால் வந்து நின்றார். சீனுவின் கார் ரிப்பேராகி வந்துவிட்டதாம். அன்றைக்கு இடது முன்சக்கரத்துப் பழம் நசுங்கவே இல்லை, பூஜை பாதியில் நிற்கிறது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். அதே இடம், அதே பையன் கை வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார்கள்.

"கர்ப்பகிரகத்துக்கு கிரானைட் அவரு கம்பெனிதான் போட்டுக்குடுக்குது. நீ லைசென்ஸு கிய்சென்ஸுனு எதுவும் பேசாத. பழம் வைக்க மாட்டேன்னா சொல்லிடு, இந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடறோம்."

அவர் போனதும் மங்களம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "தாரணிக்கு இன்னும் கட்டைக்கால் அளவெடுக்கல ஜூலி. இந்தப் பலகையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போறது?" என்றாள். சண்டை போடு என்று சொல்ல எனக்கு என்ன, எனக்குக் கடை இருக்கிறது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கார் வந்தது. அதே சிவப்பு. இடித்த தடம் கூடத் தெரியாமல் செய்திருந்தார்கள். ரித்விக் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. பூசாரி கற்பூரம் காட்டி முடித்தார். மங்களம் தட்டில் நான்கு பழங்களோடு வந்து நின்றாள். நான் கடையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.

"லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றாள்.

பையன் அப்பாவைப் பார்த்தான்.

"அக்கா, இன்னைக்கு அதெல்லாம் வேணாமே. ரெண்டடிதான்" என்றான் சீனு. கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார்.

மங்களம் தட்டை சீனுவின் கையில் கொடுத்தாள். "நீயே வை சீனு. உன் புள்ள, உன் வண்டி."

தலைவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிரச்சினை வந்தால் ஓடி ஒளிகிற எங்கள் பூசாரி முந்திக்கொண்டு, "பெத்தவங்க கையால வைக்கிறது ரொம்ப விசேஷம்" என்றார். சீனுவும் சிரித்துக்கொண்டேதான் போனான். பின்சக்கரம் இரண்டுக்கும் வைத்தான். வலது முன்சக்கரத்தில் பழத்தைக் காலால் தள்ளிவிட்டான். இடது பக்கம் வந்தான். அங்கே தள்ளினால் பழம் உருண்டு உருண்டு வெளியே வந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டான், கையை உள்ளே விட்டான்.

என்ஜின் அவன் காதுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுத்தான்.

"ரித்விக், ஆஃப் பண்ணு."

என்ஜின் நின்றது. மறுபடி கை பாதி வரை போனது, திரும்பி வந்தது.

"கீழ இறங்கு."

"நான் எதையும் தொடலப்பா."

"இறங்குடான்றேன். சாவிய இங்க குடு."

பையன் இறங்கி வந்து சாவியைக் கொடுத்தான். சீனு அதைச் சட்டைப் பையில் போட்டு, ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதன் பிறகுதான் கையை முழுசாக உள்ளே விட்டுப் பழத்தை வைத்தான். அவன் மண்டியிட்டபடி நிமிர்ந்தபோது மங்களம் அவனுக்கு மேலே நின்றிருந்தாள்.

"அன்னிக்குத் தாரணி கைய உள்ள உட்டப்போ இத ஏன் சீனு நீ சொல்லல?"