நன்றிப் பக்கத்தின் லிங்க்

எங்கள் சங்கச் செயலாளர் கணினியை நம்புகிறவர் அல்ல. சங்க இணையதளத்தில் உதவி கேட்டு விண்ணப்பித்தவர்கள், கடைசியில் வரும் நன்றிப் பக்கத்தின் லிங்க்கை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்டால்தான் விண்ணப்பம் வந்ததாக அர்த்தம். துறைமுக அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இவ்வளவு எளிமையான விதியைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

பக்கத்து வீட்டுப் பெண், மகளின் வலிப்பு மருந்துக்கு உதவி கேட்டு என் கணினியில்தான் விண்ணப்பித்தாள். கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர் வழக்கப்படி, வாயில் தமிழ், எழுத்தில் மலையாளம்.

"கட்டிக்கப்போற பையன்கிட்ட மோள் எல்லாம் சொல்லியாச்சு காக்கா. ஆலுவாவில இருக்கிற அவன் மாமன் அறிஞ்சாத்தான் பேடி, பயம். கல்யாணப் பேச்சை அங்கேயே நிறுத்திருவார்."

அந்த ஆலுவா மாமா அதே குழுவில் இருக்கிறார்.

படிவத்தை அனுப்பினோம். நன்றி சொன்ன பக்கத்தின் முகவரி என் ஓய்வூதிய ஆணையைவிட நீளமாக இருந்தது. குழுவில் போடக் கை நீட்டியவளைத் தடுத்து, அதை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழப் பிதற்றல். தளத்தைச் செய்த பொறியாளரைக் கூப்பிட்டேன்.

"அது வெறும் குப்பை சாரே. ஆரு வாசிக்கப் போறா?"

கைப்பேசியில் லிங்க்கைத் தொட்டுத் திறந்தேன். மேலே முகவரிக் கட்டத்தில் குப்பை முழுதும் நல்ல மலையாளமாக மாறி நின்றது: மகளின் பெயர், வயது, நோய். வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"படிவம் அனுப்புற முறையை கெட்னு வச்சுட்டேன் சாரே. போஸ்ட்னு மாத்தணும். எழுதினது முகவரியில வராம உள்ள போகும். பொறவு வெறும் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பி விட்டா மதி, போதும்."

"மதின்னா இப்பவே செய்."

செய்தார். மறுபடி விண்ணப்பித்தோம். இம்முறை முகவரி அரை வரிகூட இல்லை. பொறியாளர் சொல்லி விஷயம் அறிந்த செயலாளரோ போனில் முறையிட்டார்: "எல்லாருக்கும் ஒரே லிங்க் வந்தா, போட்டவங்க நெசமா அப்ளை பண்ணினாங்களான்னு எப்படித் தெரியும்?" நியாயமான சந்தேகம், முதல்முறையாக அவரை மதித்தேன். இருந்தாலும் விதி அவருடையது, எனவே போட்டோம்.

படிப்பு, வீடு, மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான். முதலில் பதில் எழுதியவர் ஆலுவா மாமாவே: "திறந்து பாத்தேன். நன்றின்னு மட்டும் இருக்கு. எதுக்கு அப்ளை பண்ணினீங்க?"

அவள் என்னைக் கேட்காமலே தட்டினாள்: "ஓடு மாத்த."

நான் அவள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். ஓடு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.