குழாயில் கட்டிய கம்பி

கம்பம் ஊரில் நாங்கள் குடியிருந்த வீட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. வீடு நல்ல வீடுதான். குடியிருந்த மனிதர்கள்தான் சரியில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் பஜாரில் மோட்டாரும் ஸ்டார்ட்டரும் விற்கும் கடையில் எனக்கு வேலை. கோடை வந்தால் திராட்சைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட்டுவிடுவார்கள். ஊருக்குள் பல்பு பூசணிப்பூ நிறத்தில் அழுதுகொண்டிருக்கும். சுருளிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து, மோட்டார் முனகுகிறதே தவிரச் சுற்றவில்லை என்பார். நாள் முழுக்க வோல்டேஜைப் பற்றியே பேசிப் பேசி, மின்சாரத்தைப் பெற்று வளர்த்ததே நான்தான் என்ற நினைப்பு எனக்கு.

வீட்டுக்காரர் முன்பக்கம், நாங்கள் பின்பக்கம். ஒரே இரும்புக் குழாய் அவர்கள் பக்கம் ஒரு வாயும் எங்கள் குளியலறையில் ஒரு வாயுமாக ஓடியது. ஒருநாள் அந்தியில் என் மனைவி, குழாயைத் திறந்தால் விரலில் சுருக்கென்று கடிக்கிறது என்றாள்.

நான் சிரித்தேன். "பல்பு எரியவே வோல்டேஜ் இல்ல. ஷாக்கு மட்டும் எங்கன இருந்து வரும்?"

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கோடையில் ஊரே இதைத்தான் சொல்லும். விளக்கு மங்கினால் கரண்டுக்கும் பல் விழுந்துவிட்டதாக எண்ணி, மெயினை அணைக்காமலே ஒயரைத் தொடுகிறவர்களை நான் கடையிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தும் புத்தி வரவில்லை.

இரண்டு மாதம் அவள் சொன்னாள். பிறகு என் பழைய வேட்டித் துண்டைக் குழாயில் சுற்றிவைத்தாள். குழாய்க்கும் வேட்டி கட்டிவிட்டாயா என்று அதற்கும் கேலி செய்தேன். நனைந்ததும் துணியும் கடித்தது.

மகளுக்கு அப்போது பதினோரு மாதம். கையில் கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கும் வயது. ஓர் அந்தியில் தவழ்ந்துபோய் அந்தக் குழாயைப் பிடித்தாள். தூக்கி எறிந்தது. ஈரத் தரையில் வாயைத் திறந்தபடி கிடந்தாள், சத்தமே வரவில்லை. பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கடைக்கு ஓடி டெஸ்டரை எடுத்துவந்து குழாயில் வைத்தேன். எரிந்தது. முன்வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னேன், டெஸ்டரும் அணைந்தது. போடச் சொன்னேன், எரிந்தது. பொதுவான மெயினை அணைத்துவிட்டு, குழாய் போகும் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்வீட்டுச் சுவரோரம் குழாயைச் சுரண்டி, ஒரு ஒயரை முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்காரருக்கு வெட்கமே இல்லை. "நியூட்ரல் சரியில்ல தம்பி, வெளக்கு மினுக்கு மினுக்குன்னுச்சு. குழாயில குடுத்தேன், பளிச்சுனு எரியுது" என்றார், பாராட்டை எதிர்பார்த்து. விளக்கிலிருந்து கரண்டு திரும்பிப் போகவேண்டிய நியூட்ரல் கம்பிக்குப் பதிலாகக் குழாயையே பயன்படுத்தியிருக்கிறார்.

கடைக்கு வழக்கமாக வரும் வயர்மேனை அழைத்துவந்தேன். அவர் மெயின் அணைந்திருப்பதை மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார். மீட்டர் பலகையில் முன்வீட்டு நியூட்ரல் ஒட்டு கருகியிருந்தது; கையால் முறுக்கி டேப் சுற்றியதோடு சரி. குழாயில் கட்டிய ஒயரை அவிழ்த்தெடுத்துவிட்டு, கருகிய ஒயரின் நுனியைச் சுரண்டிக் கனெக்டரில் போட்டு முறுக்கினார். கால் மணி நேர வேலை. கோடையில் மண் காய்ந்தால் கரண்டு பூமிக்குள் சரியாக இறங்காது, குழாயிலேயே நிற்கும் என்றார். அதாவது, விளக்கு மங்கிய அதே மாதங்களில்தான் குழாய் கூடுதலாகக் கடித்திருக்கிறது.

அப்போது வீட்டுக்கார அம்மா எங்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "வெளக்கு எரியிறப்ப குழாயத் தொடாதீகன்னு எங்க புள்ளைககிட்ட அப்பவே சொல்லிட்டோம்ல."

தங்கள் பிள்ளைகளை மட்டும் விலக்கி வைத்துவிட்டு, எங்கள் பிள்ளை அதில் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நீங்களெல்லாம் மனிதர்களா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கத்தினேன்.

என் மனைவி மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவுக சொல்லல. நான் சொன்னேன்ல."