ஒரே மிஷினும் இரண்டு பிள்ளைகளும்

சபையாரே, எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தாறாம் வருஷ ஐப்பசி, அடைமழை. என் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான் இருந்தாள். மணிமங்கலத்திலிருந்து குவாரி லாரியில் ஏற்றி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் அவள் வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. உடம்பு நீலமாகிவிட்டது. என் உயிர் என்னிடத்தில் இல்லை.

நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். குழாய் விட்டு ரத்தத்தை உறிஞ்சினார்கள். ஊசி போட்டார்கள், புது ரத்தம் ஏற்றினார்கள். மூச்சுக்குழலில் குழாய் வைத்து விடாமல் காற்றைத் தள்ளினால்தான் கசிவு அடங்குமாம். அதற்கென்று அங்கே ஒரே ஒரு மிஷின் இருந்தது. அதில் வேறொரு குழந்தை கிடந்தது. பிள்ளைப்பாக்கத்தில் பயிர் வைக்கிற ஏழுமலையின் மகன்.

மிஷினுக்குப் பதிலாக நர்ஸம்மா ஒரு ரப்பர் பையைக் குழாயில் மாட்டி, என்னை அழுத்தச் சொன்னார். நான் குவாரியில் கல் உடைக்கிறவன்.

"கல்லு ஒடைக்கிற வேகத்த இங்க காட்டாத. ரெண்டே வெரல். ஜாஸ்தி அமுக்குனா நெஞ்சு தாங்காது. வுட்டுட்டா திரும்பியும் ரத்தம் வரும். நெஞ்சு மேல எழும்புதான்னு பாத்துக்கினே அமுக்கு" என்றார்.

கண்ணை மூடி, கையைத் தூக்கி ஜெபித்துப் பழகியவன் நான். அன்றைக்கு இரண்டும் முடியவில்லை. பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தபடியே ஆண்டவரைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் பாஸ்டர் ஐயாவும் சபையார் சிலரும் வந்தார்கள். வாசலுக்கு வெளியே முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்த மிஷின் எங்க புள்ளைக்கு கெடைக்கணும்" என்று சத்தமாக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். எதிரே, மகன் கிடந்த மிஷின் பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்துவிட்டது. அவர் ஒரு கையால் அந்த மிஷினைப் பிடித்துக்கொண்டார். அது காலியாக வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும்?

"ஐயா, அந்த ஜெபத்த நிறுத்துங்க. ரெண்டு புள்ளைக்கும் சேத்து கேளுங்க. என் வெரலு மரத்துப் போவாம இருந்தா போதும்" என்றேன்.

ஏழுமலை என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் நர்ஸம்மாவும் மாற்றி மாற்றி அழுத்தினோம். விடிந்தபோது குழாயில் சிவப்பு நுரை குறைந்திருந்தது. ஆனால் பையை விட்டால் பிள்ளை நீலமானாள். அந்தக் காலையில்தான் ஏழுமலையின் மகன் போய்விட்டான். அவர் மனைவி கதறிய கதறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மிஷினைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். எனக்கு விரல் மடங்கவில்லை. பை நழுவப் போன நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. ஏழுமலை.

"வுடுப்பா. ரெண்டு வெரல் தான? நானும் பாத்துக்கினுதான இருந்தேன்."

கண்ணீர் தாடையில் ஒழுக ஒழுக என் மகளின் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். மிஷின் மாட்டுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகு தன் மகனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

என் மகள் பிழைத்தாள். கிருபை என்று பெயர் வைத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஏழுமலையின் பிள்ளை ஏன் போனது, என் பிள்ளை ஏன் நின்றது என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். விரலுக்காகக் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. அது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் விரலாக வந்தது.

அன்றிலிருந்து நான் கண்ணை மூடி ஜெபிப்பதில்லை. துன்பத்தில் இருக்கிறவர்களே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், அவர் கேட்பார். கேட்கும்போது எதிரே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.