பள்ளிவாசலுக்குப் போய்வந்தவளின் மடைப்பெட்டி

செட்டிபாளையத்தில் வீடு, பத்தாம் வகுப்புக்குச் சைவநெறி படிப்பிப்பது வேலை. எங்கள் நாட்டில் சமயபாடம் என்றால் அவரவர் சமயத்துக்கு அவரவர் புத்தகம்தான். அடுத்த வீட்டுச் சாமியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், பள்ளிவாசலுக்குள்ள என்ன சிலை வெச்சிரிக்காங்க?"

தினமும் பஸ்ஸில் நாலைந்து பள்ளிவாசல்களைத் தாண்டி டவுனுக்கு டியூசன் போகிற பிள்ளை. அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. இருபது வருடம் படிப்பித்து என்னத்தைக் கிழித்தேன்?

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பன்னிரண்டு பெண்பிள்ளைகளை முதலில் டவுனில் கத்தோலிக்க தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். அடுத்த மாதம் மெதடிஸ்த தேவாலயம். ஊரில் யாரும் மூச்சுவிடவில்லை. மூன்றாவதாக ஏறாவூரில் ஒரு பள்ளிவாசல் என்றதும் மாமா வந்துவிட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உண்டு. அன்று அந்தக் குடிப் பெண் ஒருத்தியின் வீட்டிலிருந்து, பூசைப் பொருட்கள் நிறைந்த மடைப்பெட்டி மேளத்தோடு கோயிலுக்குப் போகும். எங்கள் குடிக்கு அந்த வீடு, அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த இந்த வீடு. இந்த வருடம் என் மகள் முதன்முதலாகப் பெட்டி சுமக்க இருந்தாள்.

"புள்ள, நீ பள்ளிவாசலுக்குப் போனா பெட்டி இஞ்சயிருந்து வெளிக்கிடாது. கோயில் சபையில கதைச்சாச்சு."

"சேர்ச்சுக்குப் போனப்ப கதைக்கல்லயே மாமா?"

"அது வேற."

என்ன வேறு என்று எனக்குத் தெரியும். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பேச்சு இப்படித்தான். செய்தவர்கள் சிலர், பழி முழு முஸ்லிம் சனத்துக்கும்.

மகள் புதுப் பாவாடையை மடித்து அலுமாரியில் வைத்தாள். போகாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அப்படி நினைத்ததற்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. சனிக்கிழமை பிள்ளைகளோடு பஸ் ஏறினேன்.

பள்ளிவாசலுக்குள் போக ஒழுங்கு செய்து தந்தவள் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த முஸ்லிம் தோழி. அவள் வீடு அந்தப் பள்ளிவாசலுக்கு நேர் எதிரே. தொழுகை இல்லாத நேரம், தலையை மூடி, கால் கழுவி உள்ளே போனோம். எங்களோடு வந்த அவளும் வாசலில் தயங்கி நின்றாள்.

"பொறந்ததில இருந்து முன்னால இரிக்கன்கா. பொம்புளயள் இஞ்ச வாறல்ல. இண்டைக்கித்தான் உள்ள வாறன்."

சிலை கேட்ட பிள்ளை நாலு சுவரையும் தேடிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: "பாயும் சுவர் மணிக்கூடும்தான் டீச்சர்."

பிறகு தோழி வீட்டில் தேத்தண்ணி. அவள் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்கெல்லாம் என்ன குடி?"

"ஒங்களுக்கும் குடி இரிக்கா?" என்று ஒரு பிள்ளை ஆச்சரியப்பட்டாள்.

"இல்லாம? உம்மாட குடிதான் புள்ளைக்கு. எங்கட மாமா பள்ளிவாசல நடத்துற மரைக்காரா இருந்தவர். அவருக்குப் பிறகு அது அவர்ர மகனுக்குப் போகல்ல. அவர்ர தங்கச்சிட மகனுக்கு, எங்கட தம்பிக்குத்தான் வந்த."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்களிடமும் அச்சொட்டாக இதே வழக்கம்தான். இரண்டு வருடம் அவளோடு ஒரே அறையில் படுத்திருந்தும் நான் கேட்டதில்லை. வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம், மாமாவுக்குச் சொல்லவேண்டிய பதிலும் கிடைத்துவிட்டது.

திரும்பிவந்து நேரே மாமா வீட்டுக்குத்தான் போனேன்.

"பெட்டி இனி எங்கயிருந்து வெளிக்கிடும் மாமா? மாமிட வீட்டிலயிருந்தா?"

மாமி வேறு குடி. அவர் பெற்ற பிள்ளைகளும் மாமியின் குடி. அம்மாவுக்கு அக்கா தங்கை கிடையாது. எங்கள் தாய்வழியில் மிச்சம் இருக்கிற பெண் நானும், எனக்குப் பிறகு என் மகளும்தான்.

"நான் பள்ளிவாசலுக்குள்ள போனன். அடுத்த மாசம் புத்த விகாரைக்கும் போவன். பெட்டி வேணுமெண்டா மேளத்தோட என்ட வாசலுக்கு வாங்க. வேணாமெண்டா இந்த வருசம் எங்கட குடிக்குத் திருவிழா இல்லையெண்டு சபையில நீங்களே சொல்லுங்க."

திருவிழாவன்று மேளம் வந்தது. முன்னால் சால்வையை இடுப்பில் கட்டியபடி மாமா. மகள் பெட்டியைத் தலையில் ஏற்றினாள். வாசல் படலையருகே முக்காடு போட்ட என் தோழியும் நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். ஊர்வலம் நகர்ந்ததும் மெல்ல என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"புள்ள, அவங்கட பள்ளிவாசலுக்குள்ள என்னதான் வெச்சிரிக்காங்க?"

"சொல்லமாட்டன்" என்றேன். "பஸ்ஸில ஒரு சீட் இரிக்கு. வந்து பாருங்க."