தொட்டியில் கொட்டிய ஐஸ்

கற்பிட்டியில் குளிர்நீர் மீன் வளர்க்கும் ஆய்வுகூடத்தில் எனக்குத் தொட்டி கழுவும் வேலை. ஒருநாள் பகல் கரண்ட் போய், தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் நின்றுவிட்டது. ஆய்வு நடத்தும் மிஸ் புத்தளம் போயிருந்தார். தண்ணீர் சூடேற, குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. மீன் பிடிக்கக் கடலுக்குப் போன காலமெல்லாம் எனக்கு மீன் என்றால் ஐஸ்தான். துறைக்கு ஓடி ஒரு பெட்டி ஐஸ் வாங்கிவந்து, உடைத்துக் கொட்டினேன். குஞ்சுகள் அடங்கின. நிம்மதியாக இருந்தது.

மிஸ் வந்து பார்த்தபோது ஒன்றும் அசையவில்லை.

“அண்ணே, இது குழாய்த் தண்ணி ஐஸ். குளோரின் குஞ்சுகளைச் சாகடிச்சுப்போடும். பையில கட்டியல்லோ போட்டிருக்கோணும்.”

“செத்த மீனுக்குத்தான் போட்டுப் பழக்கம், மிஸ்.”

முட்டையிலிருந்து அவர் வளர்த்தவை. ஏசவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.