மாதவிலக்குக்கு லீவு கேட்டு வந்தவர்கள்

மருந்துக் கடையில் நிற்கிற பொம்பளைக்கு மதுரையில் எந்தக் கோயிலில் எப்போது திருவிழா என்று காலண்டர் பார்க்காமலே தெரியும். மாத்திரை கேட்டு முன்கூட்டியே ஆள் வந்துவிடும்.

சிம்மக்கல்லில் எங்கள் கடை. நான் பார்மசிஸ்ட். பில் போடுகிறவள் கஸ்தூரி, தினமும் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்த சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆம்பளைகளும் வாசிக்கலாம், வாங்க வருவது பாதி நேரம் நீங்கள்தானே.

பெயர் சொல்லாத மாத்திரை

தீட்டைத் தள்ளிப்போடுகிற மாத்திரையை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. 'கோயில் மாத்திரை', 'விசேஷ மாத்திரை' என்பார்கள். ஒருநாள் பெரிய மீசைக்காரர் ஒருத்தர் வந்தார். கடையில் கூட்டம் கலைகிற வரைக்கும் தைலம் பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அழகர்கோவிலில் மகனுக்கு முடியிறக்கிக் காது குத்துகிறார்களாம், சம்சாரத்துக்கு வேண்டுமாம். டாக்டர் சீட்டு இருக்கா என்றேன். சாமி காரியத்துக்குக்கூடவா சீட்டு என்று கோபப்பட்டார். சாமிக்கு இல்லை, உங்க சம்சாரம் உடம்புக்கு; ரத்தம் உறைகிற கோளாறு இருந்தால் இது ஆகாது, டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும் என்றேன். மனுஷன் தைலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த அம்மாவே சீட்டோடு வந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. "அவரை அனுப்புனா வெக்கப்பட்டுத் தைலத்தோட வாராரு. என் உடம்புக்கு மாத்திரை, இதுல எனக்கென்ன வெக்கம்?" என்றார்.

மொத்த ஆர்டர்

புதுவீடு பால்காய்ச்ச நாள் குறித்த ஒருத்தர், தங்கச்சி பேரில் இருந்த ஒரே சீட்டை நீட்டி, வீட்டில் நாலு பொம்பளைகள், ஆளுக்கு ஒரு அட்டை என்றார். பந்திக்கு இலை வாங்குகிற மாதிரி. முதலில் வீட்டுக்குப் போனைப் போடுங்கள் என்றேன். அவருடைய அம்மாவுக்கு எப்போதோ நின்றுவிட்டதாம். அத்தைக்கும் அப்படியே. தங்கச்சிக்கு முந்தாநாள்தான் முடிந்ததாம். கடைசியாக அவர் சம்சாரம் பேசினார். அவருக்கு இந்த மாசம் வரவேண்டியது இன்னும் வரவில்லை.

மாத்திரையைத் தொடவே இல்லை. கர்ப்பம் பார்க்கிற கிட் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலமே லட்டு டப்பாவோடு வந்து நின்றார். கண்ணெல்லாம் கலங்கிப்போய், "கல்யாணமாகி இம்புட்டு வருஷம் கழிச்சு, புது வீட்டுக்கு மூணு பேராப் போறோம்க்கா" என்றார்.

வெறும் பை

ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தோமே, பக்கத்தில் இருக்கிற கஸ்தூரி பாடு சொல்லி மாளாது. மாசாமாசம் அவளுக்கு வாரக்கணக்கில் கொட்டும். கறைக்குப் பயந்து ஸ்டூலில் உட்கார மாட்டாள், பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். உதடு வெளுத்துப்போய், ரெண்டு தடவை கடையிலேயே மயங்கி விழுந்தாள். மாத்திரை சாப்பிடுகிற வரை நிற்கும், நிறுத்தினால் பழையபடி கொட்டும். அவள் புகுந்த வீட்டில் நாற்பதைத் தொடும் முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது காது குத்துகிற மாதிரி ஒரு வழக்கம். மாமியாருக்கு எடுத்தாச்சு, மூத்த மருமகளுக்கும் எடுத்தாச்சு. இவளுக்கும் தேதி குறித்துவிட்டார்கள். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி அது வெறும் பைதான" என்று மாமியார் முடித்துவிட்டாராம். கஸ்தூரி ஸ்டாக் ரூமில் நின்று அழுதாள். எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்ததோ, அன்றைக்கே அவளை எனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருத்தரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆபரேஷனைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். காப்பர்-டி மாதிரி, ஹார்மோன் வைத்த லூப் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள்ளே வைத்தால் ரத்தப்போக்கு குறையும், பலருக்கு நின்றேபோகும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நின்றுபோனால் கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்காதா என்று கஸ்தூரி கேட்டாள். நம்மில் யார்தான் அப்படி நினைக்கவில்லை? டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சேந்தாத்தானம்மா தேங்கும்? இது சேரவே விடாது" என்றார்.

சொட்டுச் சொட்டாக

கஸ்தூரி லூப் வைத்துக்கொண்டாள். முதல் சில மாசம் சொட்டுச் சொட்டாகப் படும் என்று டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனால் தினமும் படும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? மாமியார் வீட்டில் ஏச்சு. கஸ்தூரி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு, பில்லை மட்டும் என் பக்கம் தள்ளிவிடுவாள். வெளியே தைரியமாக நின்றேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

அப்புறம் ஒரு மாசம் ஒன்றுமே இல்லை. அடுத்த மாசமும் இல்லை. கர்ப்பமோ என்று மாமியார் சந்தேகப்பட, அதையும் சோதித்து இல்லை என்று காட்டியாகிவிட்டது. ஒருநாள் காலை கஸ்தூரி கடைக்குள் வந்த வேகத்தைப் பார்க்கணுமே! "அக்கா, வாடிப்பட்டில இருந்து சீட்டுல உக்காந்து தூங்கிக்கிட்டே வந்தேன்க்கா."

மாமியார் வந்தார்

ஒருநாள் அந்த மாமியாரே கடை வாசலில் நின்றார், கூடவே அவர் மகளும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அவரோ மகளை முன்னே தள்ளி, இவளுக்கும் கஸ்தூரி மாதிரியே கொட்டுகிறது, மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கிறார்கள், அந்த டாக்டரம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நான் வழி சொன்னேன்.

கிளம்பியவர் திரும்பி வந்தார். அவருக்குப் பையை எடுத்தபோது வயசு முப்பத்தாறாம். வேற வழி இருக்கு என்று அன்றைக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லையாம். அவர் அழவில்லை, மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "எனக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு தாயி. இவளுக்கு நான் இருக்கேன்ல."

இப்போதெல்லாம் அந்த அம்மா அனுப்பி வாடிப்பட்டிப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மாத்திரை வாங்குவதில்லை, டாக்டரம்மா வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், முதலாளிதான் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.