வந்து வந்து போன பிழை

துஷாந்தினிக்குக் கம்ப்யூட்டர்தான் வேலை. பெரகல சந்திக்குக் கீழே, தேயிலைச் சரிவில் நிற்கும் பழைய லயத்தின், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டே கொழும்புக் கம்பெனி ஒன்றின் இணையதளங்களைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய், கூலி வேலை செய்து படிக்கவைத்த பெண். கணவன் ஜெயகுமார் சந்தியில் திரீவீல் ஓட்டினான்.

மௌஸைப் பிடித்து அங்குமிங்கும் இழுப்பது அவளுக்கு ஆகாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டுவாள், வேலை முடிந்துவிடும். "இதுக்கிட்ட மூஞ்சி பார்த்துப் பேச வேண்டியதில்ல. சொன்னதச் செய்யும், அவ்வளவுதான்" என்பாள் ஜெயகுமாரிடம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு அதுவும் சொன்னதைச் செய்யவில்லை. காலையில் ஒழுங்காக ஓடிய கட்டளை, பகலில் 'அப்படி ஒன்று கிடையாது' என்றது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினாள். ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய வேலைக் கோப்புகள் இருக்கும் இடமே இல்லை என்றது. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அவளுக்குத் தலை சுற்றியது. ஒரேயடியாகக் கெட்டுப்போனால் சரிசெய்துவிடலாம். வந்து வந்து போகிற பிழையை எங்கே போய்ப் பிடிப்பது?

கட்டளைகளை எங்கெங்கே தேட வேண்டும் என்று அந்தக் கறுப்புத் திரையின் ஷெல்லுக்குச் சொல்லும் வரியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. தான் எழுதிய சின்னச் சின்ன புரோகிராம்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு லேப்டாப்பை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். மறுநாளே பிழை திரும்பி வந்தது.

"பேய் கீய் புடிச்சிருச்சா?" என்று ஜெயகுமார் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

லேப்டாப்பையும் மேசையில் இருந்த பெரிய டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனாள். பழைய லேப்டாப்பில் இடம் போதாததால் வேலைக் கோப்புகளும் புரோகிராம்களும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. கம்ப்யூட்டர் திருத்தும் றிகாஸ் இரண்டையும் வாங்கி வைத்து நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, எங்கட கடைல ஒரு எரரும் தரல்லியே. சாமான் சுத்தமா இருக்கு" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினாள். மத்தியானத்துக்குள் அதே பிழை.

அன்றைக்குத்தான் உள்ளே ஓடும் செய்திகளைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு கண் எடுக்காமல் பார்த்தாள். டிஸ்க் கழன்றது என்று வந்தது. மாட்டப்பட்டது என்று வந்தது. மறுபடி கழன்றது. யாரும் அதைத் தொடவில்லை. கேபிளை மாற்றினாள், அப்படியும் கழன்றது. டிஸ்க்கில் இருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்து அணைந்து எரிவதை அப்போதுதான் கவனித்தாள். டிஸ்க்குக்குத் தனிக் கரண்ட் வேண்டும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருந்ததால் கரண்ட் போனதும் வந்ததும் தெரியாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிளக் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அலுமாரியைத் தோளால் முட்டித் தள்ளினாள்.

முகத்தில் குளிர்காற்று அடித்தது. பிளக் பெட்டி சுவரை விட்டுப் பாதி வெளியே வந்து வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தரையிலிருந்து கூரைவரை சுவர் பிளந்திருந்தது. கை நுழையும் அகலம். அந்தப் பிளவுக்குள் மழையில் நனைந்த தேயிலைச் செடி ஒன்று தெரிந்தது.

மழைக்கு முன்னால் வீட்டைக் கழுவியபோது அந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல்தான் இருந்தது. காரை பூசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இப்போது மேசை, கட்டில், சாமிப்படம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எங்கோ உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடிவந்து அடுத்த காம்பராவின் கதவைத் தட்டினாள்.

அங்கே இருந்தவள் இருதயம்மா. மீரியபெத்த மண்சரிவில் அக்கா குடும்பத்தையே பறிகொடுத்தவள். துஷாந்தினி அவளைக் கூட்டிவந்து மறுபடி உள்ளே நுழைந்தாள். இருதயம்மா வாசல்படியில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"துஷா, வெளிய வா."

"அக்கா, லேப்டாப்ப மட்டும் எடுத்துக்கிட்டு..."

"வெளிய வாடி!"

அந்த அம்மா அவளை ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியதில்லை. கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் துஷாந்தினி முற்றத்துச் சேற்றில் விழுந்தாள். இருதயம்மா நிற்கவில்லை. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். "மலை வருது, புள்ளைங்கள எடுங்க, எல்லாரும் வாங்க!" என்ற குரல் லயம் முழுக்கக் கேட்டது.

செய்தி கேட்டு வந்த ஜெயகுமார் லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். பேச்சுத் திக்கியது. "மேல... தேயிலைக்கு நடுவுல நெலம் வெடிச்சிருக்கு துஷா. இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும்." கிராம சேவகர் வந்து பார்த்ததும் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

அடுத்த நாள் முன்பகலில் சரிவு இறங்கியது. பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தார்கள். இடிபோல் சத்தம் கேட்கும் என்று துஷாந்தினி நினைத்திருந்தாள். கேட்டது நீளமாக ஒரு பெருமூச்சு விடுவது போன்ற சத்தம். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே கீழே நகர்ந்தன. கடைசிக் காம்பராவும் அதை ஒட்டிய காம்பராக்களும் மண்ணுக்குள் போயின. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

அவள் அழவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "கேபிள்தான்னு நெனச்சேங்க. கேபிளத்தான் மாத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு றிகாஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். பையிலிருந்து உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். "இத அண்டைக்கே உங்களுக்குத் தரத்தான் யோசிச்சன் தங்கச்சி. கடைல ஆள் கூடி, மறந்துட்டன். இதுக்குத் தனிக் கரண்ட் தேவல்ல. லேப்டாப்ல சொருகினாப் போதும்."

துஷாந்தினி அதைக் கையில் வாங்கினாள். அன்றைக்கே வாங்கியிருந்தால் பிழை நின்றிருக்கும். அலுமாரியை யாரும் நகர்த்தியிருக்கமாட்டார்கள். அவள் மேசைமுன் உட்கார்ந்து நிம்மதியாகத் தட்டிக்கொண்டே இருந்திருப்பாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி, தண்ணி கொண்டாங்க" என்று றிகாஸ் பதறினார். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

இப்போது அவர்கள் அப்புத்தளையில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். லயத்தில் இருந்த மற்றவர்களுக்குப் புது வீடு கட்ட இன்னும் காணி கிடைத்தபாடில்லை. துஷாந்தினி கம்பெனி அனுப்பிய லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். அறையில் அலுமாரி வாங்க ஜெயகுமார் இரண்டொரு தடவை கேட்டுப் பார்த்தான். வேண்டாம் என்றுவிட்டாள். துணிமணியெல்லாம் அறை நடுவே கயிற்றில் தொங்குகின்றன.